கடல் கடந்தோர் வரலாறும் கட்டுரைக் கல்வியும்

ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது இன்னது, இவ்வாறு நிகழ்ந்தது, இன்ன காரணத்தால் நிகழ்ந்தது, அதற்குச் சான்று இது என்று, அறியாதாரும் அறியும்படி நிரல்பட எடுத்துரைக்கும் உரைநடையையே விளக்கக் கட்டுரை என்கிறோம். அதனை மாணவர்க்கு எவ்வாறு கற்பிப்பது என்பது ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களுக்கு மட்டுமே உரிய வினா என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அக்கருத்து பொருந்தாது என்பது நமது எண்ணம். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட பகுதியாகிய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களிலிருந்தும் அவற்றை ஒத்த பிற வட்டாரங்களிலிருந்தும் கடல் கடந்து சென்ற ஏழை மக்கள், தம் வாழ்வை ஆண்டோடும் இடத்தோடும் சான்றோடும் தாளில் விளக்கிக் காட்டுமாறு பலமுறை கேட்கப்பட்டனர். அவ்வாறு விளக்க இயலாதவர்கள் நாடற்றவர்களாயினர்.

ஆகவே, இப்பகுதியின் குடிபெயர்வு வரலாற்றையும் எழுத்துக் கல்வியின் வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்கி, புலம்பெயர்ந்தோரின் அனுபவங்களைக் கொண்டே கட்டுரை எழுதக் கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும் என்று எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அமெரிக்காவுக்குச் சென்ற சீனக் குடியேறிகளின் வரலாறு இதற்கு ஒப்புமையாகப் பயன்படும்.

1. மண்ணும் புறப்பாடும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி நோக்கிச் செல்வோர் காண்பது பெரும்பாலும் கரிசல் நிலமும், வானம் பார்த்த புன்செய்யும், ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த கண்மாய்களுமாகும். திருச்சுழியின் அருகே ஓடும் குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே தெரியும். வடகிழக்குப் பருவமழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் குதிரைவாலியும் இல்லை. அருப்புக்கோட்டையின் கைத்தறியும் பிற்காலத்து நூற்பாலைகளும் ஒரு சாராருக்கு வாழ்வளித்தன. நிலமற்ற கூலிகளுக்கோ, மழை பொய்த்த ஆண்டில் ஊரைவிட்டுப் போவதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் இப்பகுதி மக்களின் நினைவில் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

இலங்கையின் மத்திய மலைநாட்டில் 1830-களில் காப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கியபோது, அங்கு வேலை செய்ய ஆட்கள் தேவைப்பட்டனர். இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம், திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் வழியாக மக்கள் திரட்டப்பட்டனர். ஆதியில் அவர்கள் தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869 முதல் காப்பிச் செடிகளை நோய் தாக்கி அழித்தபின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால் குடும்பம் குடும்பமாக ஆட்கள் தேவைப்பட்டனர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் மருத்துவச் சோதனை முடித்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் செல்வது வழக்கமாயிற்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்றோரும் உண்டு.

புறப்பாட்டுக்கு வறட்சி மட்டுமே காரணமன்று. ஜமீன் வரிச்சுமை, கடன், சாதிக் கொடுமை, கங்காணி கொடுத்த முன்பணம், முன்னே சென்ற உறவினர் சொல்லியனுப்பிய செய்தி எனக் காரணங்கள் பின்னிக் கிடந்தன. இவற்றைப் பிரித்தறிந்து, எது முதற்காரணம், எது துணைக்காரணம் என்று காட்டுவதே விளக்கக் கட்டுரையின் வேலை. அப்பயிற்சிக்கு உரிய பொருள் இம்மண்ணிலேயே கிடந்தது என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும்.

2. பள்ளிகள் எதைக் கற்பித்தன?

இப்பகுதியின் நவீனக் கல்வியே ஒரு கடல் கடந்த பயணத்தில்தான் தொடங்கிற்று. 1834-இல் அமெரிக்க மதுரை மிஷனைத் தொடங்கிய மிஷனெரிமார் அமெரிக்காவிலிருந்து நேராக மதுரைக்கு வந்தவர்களல்லர். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து, அங்குக் கல்வி பெற்ற தமிழ் உதவியாளர் சிலரை உடன் அழைத்துக்கொண்டு வந்தனர். வட்டுக்கோட்டைக் குருமடத்தின் தலைவராயிருந்த டேனியல் பூவரும் அப்பத்தாண்டின் நடுவில் மதுரைக்கு வந்து பல பள்ளிகளைத் திறந்தார். இங்கிருந்து கூலிகள் சென்ற அதே கடல்வழியே, அங்கிருந்து உபாத்தியாயர்கள் இங்கு வந்தனர் என்பது நினைவில் இருத்தத்தக்கது.

1842-இல் திருமங்கலத்தில் தொடங்கி 1845-இல் பசுமலைக்கு மாற்றப்பட்ட குருமடம், சிற்றூர்ப் பள்ளிகளுக்கு உபதேசியார்களையும் உபாத்தியாயர்களையும் பயிற்றுவித்தது. திருச்சுழிக்கு அண்மையிலுள்ள மண்டபசாலை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஒரு மிஷன் நிலையமாக விளங்கிற்று. திண்ணைப் பள்ளியின் வாசலை மிதிக்க இயலாதிருந்த சாதியாரின் பிள்ளைகள் இப்பள்ளிகளில் எழுத்தறிவு பெற்றனர். 1870-இல் பசுமலைக்கு வந்த ஜார்ஜ் வாஷ்பர்ன் ‘சத்தியவர்த்தமானி’ என்னும் இதழையும் நடத்தினார். இவற்றின் பயனை எவரும் மறுக்க இயலாது.

ஆயினும் ஒரு குறை கண்ணுக்குத் தெரியாமலே நிலைத்தது. அரசு மானியம் பெறுவதற்கு ஆய்வாளரின் தேர்வில் மாணவர் தேற வேண்டும் என்னும் முறை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் வழங்கிற்று. வாசிப்பு, சொல்வதெழுதுதல், கணக்கு ஆகியவற்றை எளிதில் சோதிக்கலாம். ஒரு பிள்ளை தானறிந்த ஒன்றைத் தானே எண்ணி விளக்கும் ஆற்றலைச் சோதிப்பது அரிது. எனவே கட்டுரை என்பது மனப்பாடம் செய்த பத்திகளை ஒப்புவிக்கும் வேலையாகச் சுருங்கியது. பின்னாளில் ‘ஒரு நாணயத்தின் தன்வரலாறு’, ‘மழையின் பயன்’, ‘நான் கண்ட கண்காட்சி’ போன்ற தலைப்புகள் பாடநூல்களில் நிலைபெற்றன. மழையையே காணாத கரிசற்காட்டுப் பிள்ளை மழையின் பயனைப் பத்து வாக்கியங்களில் எழுதிற்று. மழை பெய்யாத ஆண்டில் தன் சிற்றப்பன் எங்குப் போனான் என்று எழுதும்படி அதனை எவரும் கேட்கவில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. கடல் கடந்து வந்தவர்களாகிய மிஷனெரிமார் தாம் கண்ட பஞ்சத்தையும் பயணத்தையும் கிராம வழக்கங்களையும் விரிவாக எழுதிப் பாஸ்டன் நகருக்கு அனுப்பினர். அவை ‘மிஷனெரி ஹெரால்ட்’ என்னும் இதழில் அச்சாயின. அவர்கள் கைதேர்ந்த விளக்கவுரையாளர்கள். தாம் செய்த அதே வேலையை, அதாவது தம் கண்ணால் கண்டதை அயலார்க்கு விளங்கும்படி எழுதும் வேலையை, தம் மாணவர்க்கு ஒரு பாடமாக அவர்கள் வகுத்திருப்பின், இப்பகுதியின் குடிபெயர்வு வரலாறு அம்மக்களின் சொற்களாலேயே நமக்குக் கிடைத்திருக்கும்.

3. தாளின் ஆட்சி

தோட்டத்துக்குச் சென்ற மக்கள் எழுத்தறியாதவர்களாயினும், அவர்கள் வாழ்வு எழுத்தாலேயே ஆளப்பட்டது. நாள்தோறும் காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்பட்டுச் செக்ரோலில் பதியப்பட்டது. கொழுந்தின் எடை குறைந்தால் ‘அரைப்பேர்’ போடப்பட்டு அரைநாட் கூலியே கிடைத்தது. ஒருவர் வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால் ‘துண்டு’ வேண்டும். இவர் பேரில் இத்தனை ரூபாய் கடன் உள்ளது, அதனைச் செலுத்துவோரிடம் இவரை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டே துண்டு எனப்பட்டது. ஒரு மனிதனின் விலை எழுதப்பட்ட அச்சீட்டை அம்மனிதனால் வாசிக்க இயலாது. 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அக்காலத்தில் கொழும்பில் ‘தேசநேசன்’ என்னும் தமிழ்ச் செய்தித்தாளை நடத்திய கோ. நடேச ஐயர் போன்றோர், தோட்டத் தொழிலாளர் நிலையை அச்சில் விளக்கத் தொடங்கினர்.

மிகப் பெரிய சோதனை அதன்பின்னரே வந்தது. இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தால், ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய வம்சாவளித் தமிழர் குடியுரிமையின்றி நின்றனர். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது; ஆனால் அவ்வாயில் மிகக் குறுகியது. 1946 ஜனவரி 1-க்கு முன்னர் மணமானவர் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும். இடையே தாயகம் வந்து நெடுநாள் தங்கியிருந்தால் அத்தொடர்ச்சி அறுபட்டதாகக் கொள்ளப்பட்டது. விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் வரையே காலம் தரப்பட்டது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் அச்சட்டத்தைப் புறக்கணித்ததால், பெரும்பாலான விண்ணப்பங்கள் இறுதிக் கட்டத்திலேயே அவசரமாக எழுதப்பட்டன. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் குறித்துச் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன. இறுதியில் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

ஒரு தாயின் நிலையை எண்ணிப் பார்ப்போம். எந்த ஆண்டில் வந்தாய் என்று அதிகாரி கேட்பார். பெரிய வெள்ளம் வந்த ஆண்டு என்றோ, மூத்த மகன் பிறந்த மறு வருஷம் என்றோ அவள் சொல்வாள். அது பொய்யன்று, அவளுடைய காலக்கணக்கு அது. அலுவலகத்தின் காலக்கணக்கோ வேறு. முன்னதைப் பின்னதாக மாற்றித் தரும் ஆற்றலே அங்குத் தேவைப்பட்டது. நன்றாக எழுதியிருந்தால் அனைவரும் குடியுரிமை பெற்றிருப்பர் என்று நாம் கூறவில்லை. அச்சட்டத்தின் நோக்கம் பெரும்பாலோரை விலக்குவதே என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. எனினும், விலக்குவதற்கு எளிய கருவியாக அமைந்தது அம்மக்களின் எழுத்தின்மையே.

1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. கண்டியில் வழங்கப்பட்ட குடும்ப அட்டையைக் கையிற்கொண்டு, தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள் மண்டபம் முகாமில் இறங்கினர். 1984-இல் அக்கப்பல் போக்குவரத்து நின்றது. பாட்டன் புறப்பட்ட ஊரைப் பேரன் ஒரு பெயராகவே அறிந்திருந்தான். ஊரார்க்கோ அவன் ‘சிலோன்காரன்’.

4. சீனர் வரலாறு தரும் ஒப்புமை

ஏறத்தாழ இதே காலத்தில், பசிபிக் மாகடலின் மறுகரையில் இதனை ஒத்ததொரு வரலாறு நிகழ்ந்தது. தென்சீனத்தின் குவாங்டங் மாகாணத்திலிருந்து பஞ்சத்தாலும் கலகத்தாலும் கடனாலும் தள்ளப்பட்ட மக்கள், கலிபோர்னியாவைத் ‘தங்கமலை’ என்று அழைத்து அங்குச் சென்றனர். சுரங்கங்களிலும் இருப்புப்பாதை அமைப்பிலும் உழைத்தனர். 1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளரின் வருகையைச் சட்டத்தால் தடை செய்தது. அத்தடை 1943-இல்தான் நீக்கப்பட்டது.

1906-ஆம் ஆண்டின் நிலநடுக்கத்திலும் தீயிலும் சான்பிரான்சிஸ்கோ நகரின் பதிவேடுகள் அழிந்தன. அதன்பின் சீனர் பலர் தாம் அந்நாட்டிலேயே பிறந்தவர்கள் என்று கூறிக் குடியுரிமை பெற்றனர். அவர்களுடைய மகன்கள் என்னும் பெயரால் பிறரும் உள்ளே வந்தனர். இவர்கள் ‘காகித மகன்கள்’ எனப்பட்டனர். இதனை அறிந்த அரசு, 1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவில் குடியேறிகளை அடைத்துவைத்து நுணுக்கமாக விசாரித்தது. உன் ஊரில் எத்தனை வீடுகள்? உன் வீட்டு வாசலில் எத்தனை படிகள்? கிணறு எத்திசையில் உள்ளது? அரிசிப்பானை எங்கே இருக்கும்? இவ்வினாக்களுக்கு வந்தவர் கூறிய விடையும் உறவினர் கூறிய விடையும் ஒத்திருக்க வேண்டும். ஆகவே விடைகள் எழுதப்பட்ட ஏடுகளைக் கப்பலில் மனப்பாடம் செய்து, கரை சேருமுன் கடலில் எறிந்தனர். உண்மை மகனும் தன் ஊரைப் பற்றிய விடைகளை உருப்போட வேண்டிய நிலை ஏற்பட்டது.

அத்தீவில் இன்னொரு வகை எழுத்தும் பிறந்தது. அடைபட்டவர்கள் மரச்சுவர்களில் தம் துயரைக் கவிதைகளாகச் செதுக்கினர். 1970-இல் பூங்காக் காவலர் ஒருவர் கண்டு சொன்ன பின்னரே அவை காப்பாற்றப்பட்டன. 1980-இல் மொழிபெயர்ப்புடன் நூலாயின. 1976-இல் மாக்சின் ஹாங் கிங்ஸ்டன் தம் தாய் சொன்ன கதைகளை அடியொற்றி எழுதிய நூல் ஒன்று வெளிவந்து, அமெரிக்கக் கல்லூரி வகுப்புகளில் பரவலாகப் படிக்கப்பட்டது. வீட்டில் கேட்ட கதைக்கும் அயலார்க்கு எழுதும் உரைநடைக்கும் இடையே உள்ள தொலைவை மாணவர் எவ்வாறு கடப்பது என்பதற்கு, குடியேறிகளின் இத்தகைய எழுத்துகள் அங்குப் பாடமாயின.

இவ்வரலாற்றில் மூவகை எழுத்தைக் காண்கிறோம்: அதிகாரியின் வினாவுக்காக உருப்போட்ட விடை, துயரம் தாங்காமல் செதுக்கிய பாட்டு, நடந்ததை எண்ணிப் பார்த்து விளக்கும் உரைநடை. நம் பள்ளிகள் முதல்வகையில் வல்லவை. இரண்டாம் வகை நம் மக்களிடம் ஏராளம். தோட்டப் பாடல்களும் ஒப்பாரிகளும் அதற்குச் சான்று. மூன்றாம் வகையே நம்மிடம் அரிதாயிற்று.

5. கண்ணகியின் வழக்கு

மூன்றாம் வகை தமிழர்க்குப் புதிதோ எனில், அன்று. சோழநாட்டுப் புகாரிலிருந்து பிழைப்புக்காக மதுரைக்கு வந்த குடும்பத்தின் கதையே சிலப்பதிகாரம். வழக்குரை காதையில் பாண்டியன் முன் நிற்கும் கண்ணகி, ஊரறியாத அயலாள். அவள் அழுதுகொண்டு மட்டும் நிற்கவில்லை. தன் ஊர் எது, அவ்வூரின் பெருமை யாது, தன் கணவன் எக்குடியைச் சேர்ந்தவன், எதற்காக மதுரைக்கு வந்தான், என்ன நேர்ந்தது என்று வரிசைப்படக் கூறுகிறாள். பின்னர்ச் சிலம்பின் உட்பரல் இன்னது என்று சொல்லி, அதனை உடைத்துக் காட்டுகிறாள். அரசியின் சிலம்பில் முத்தும் அவள் சிலம்பில் மாணிக்கமும் இருந்தமையே தீர்ப்பாயிற்று. ஊர், குடி, வந்த காரணம், நிகழ்ச்சி, சான்று என்னும் அதே வரிசையைத்தான் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விண்ணப்பமும் கேட்டது.

அதனை அடுத்து, மதுரையின் தெய்வம் தோன்றி நடந்தவற்றின் காரணத்தைக் கண்ணகிக்கு விளக்கும் பகுதிக்குக் ‘கட்டுரை காதை’ என்றே பெயர். அங்குக் கூறப்படும் வினைக்கோட்பாட்டை நாம் ஏற்பதும் ஏலாததும் வேறு. துயருற்ற ஒருத்திக்கு, ஏன் இவ்வாறு நிகழ்ந்தது என்று முன்பின் தொடர்புபடுத்தி எடுத்துரைப்பதற்குக் கட்டுரை என்று பெயரிட்ட மரபு நமக்கு உண்டு என்பதே இங்குக் கருதத்தக்கது.

திருச்சுழி மண்ணிலிருந்தும் ஒரு சிறு எடுத்துக்காட்டுத் தரலாம். 1879-இல் அங்குப் பிறந்து, மதுரை அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்று, பின்னர் ரமண மகரிஷி எனப் பெயர் பெற்ற இளைஞர், 1896-இல் வீட்டைவிட்டுச் செல்கையில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். தாம் ஏன் செல்கிறார், தம்மைத் தேடிப் பணம் செலவிட வேண்டாம், தமையனின் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை, எஞ்சிய இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்பவை சில வரிகளில் அடங்கியிருந்தன. சமய நோக்கை ஒருபுறம் வைத்துப் பார்த்தாலும், படிப்பவர் அறிய வேண்டிய யாவற்றையும் சொல்லி, வேண்டாததை விட்ட சிறந்த விளக்கவுரை அது.

6. வகுப்பறையில் செய்யத்தக்கவை

இனி, இவ்வரலாற்றைக் கட்டுரைப் பயிற்சிக்கு எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, சொற்பொருள் விளக்கம். லயம், பெரட்டு, அரைப்பேர், துண்டு, கங்காணி ஆகிய சொற்களுள் ஒன்றை, அதனைக் கேட்டறியாத ஒருவருக்கு ஒரு பத்தியில் விளக்கும்படி மாணவரைக் கேட்க வேண்டும். லயம் என்றால் வீடு என்று எழுதினால் போதாது. ஒரே கூரையின்கீழ் வரிசையாக அடைத்த அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அறையின் அளவு, சமைக்கும் இடம், பொதுக் குழாய் என்று அமைய வேண்டும். பொருளை வரையறுப்பது எத்தகைய வேலை என்று அப்போது விளங்கும்.

இரண்டாவது, செய்முறை விளக்கம். மண்டபம் முகாமிலிருந்து தோட்டம் வரை ஒரு குடும்பம் கடந்த நிலைகளை வரிசைப்படுத்துவது. கொழுந்து பறித்தது முதல் எடை போட்டது வரை ஒரு நாளை விளக்குவது போன்றவை இதில் அடங்கும்.

மூன்றாவது, காரணகாரிய விளக்கம். ஒரு குடும்பம் ஏன் புறப்பட்டது என்பதற்குக் குறைந்தது மூன்று காரணங்களைத் தேடி, அவற்றுள் எது வலியது என்று வாதிட வேண்டும். வறுமை என்னும் ஒரு சொல்லோடு நின்றுவிடுவதை ஆசிரியர் ஏற்கலாகாது.

நான்காவது, ஒப்பீடு. துண்டுச் சீட்டையும் காகித மகன்களின் ஏட்டையும், அல்லது மண்டபத்தையும் ஏஞ்சல் தீவையும் ஒப்பிட்டு, ஒத்தனவற்றோடு ஒவ்வாதனவற்றையும் காட்டச் செய்யலாம். சிங்கம்புணரியில் பிறந்து இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் பிழைக்கச் சென்ற ப. சிங்காரம் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’, தமிழரும் சீனரும் அருகருகே வாழ்ந்த அயல்நகரங்களைக் காட்டுவதால் இதற்குத் துணைபுரியும்.

ஐந்தாவது, சான்று ஆய்வு. பாட்டி சொன்ன ஆண்டும் குடும்ப அட்டையிலுள்ள ஆண்டும் வேறுபட்டால் எதனை நம்புவது? அட்டையே சரி என்று உடனே முடிவுகட்டக் கூடாது. எழுதியவர் தவறாக எழுதியிருக்கலாம். இரண்டையும் குறித்து, எதனை ஏன் ஏற்கிறோம் என்று எழுதச் செய்வதே வரலாற்று உணர்வின் தொடக்கமாகும்.

இவ்வைந்துக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ‘எங்கள் பாட்டி இலங்கையில் சொல்லொணாத் துன்பம் அடைந்தார்’ என்று ஒரு மாணவி எழுதினால், ஆசிரியர் அதனைப் பாராட்டி நின்றுவிடாமல், அத்துன்பத்தைச் சொல்லும்படி கேட்க வேண்டும். ‘எங்கள் பாட்டி விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்றார், எடை குறைந்த நாட்களில் அவருக்கு அரைப்பேர் விழுந்தது, அன்று கைக்குழந்தைக்குக் காய்ச்சலாயினும் கணக்கில் அது எழுதப்படவில்லை’ என்று அவள் திருத்தி எழுதும்போது, சொல்ல ஒண்ணாதது என்று விட்டது சொல்லப்பட்டுவிடுகிறது.

7. எழக்கூடிய தடைகள்

இம்முறைக்கு எதிராகக் கூறத்தக்கவை இரண்டு. மக்களின் துயரம் மதிப்பெண்ணுக்குரிய பயிற்சிப் பொருளாகலாமா என்பது ஒன்று. இது நேர்மையான தடையே. ஆதலால் எந்த மாணவரையும் தம் குடும்பக் கதையை எழுதும்படி கட்டாயப்படுத்தலாகாது. வெளிவந்த நூல்களையோ பொதுவரலாற்றையோ தெரிந்துகொள்ள உரிமை தர வேண்டும். சொன்னவரின் இசைவின்றி ஒரு கதையை வகுப்பில் வாசிக்கலாகாது. சாதி பற்றியோ குடியுரிமை பற்றியோ தீங்கு விளைவிக்கக்கூடிய செய்தி வருமாயின் பெயரை மறைத்தல் வேண்டும். அதிகாரி கேட்டதுபோல ஆசிரியரும் கேட்பாரானால், நாம் பயிற்றுவது கட்டுரையன்று, மற்றுமொரு விசாரணையே.

இலக்கியச் சுவையுள்ள கதையைத் தகவலாகவும் காரணமாகவும் பிரித்தால் அதன் உயிர் போய்விடாதா என்பது மற்றொன்று. பாட்டும் ஒப்பாரியும் தம் வேலையைச் செய்யட்டும்; அவற்றின் இடத்தைக் கட்டுரை பறிக்கப்போவதில்லை. ஆனால் பாட்டு, கேட்பவர் ஏற்கெனவே அறிந்ததை நம்பிப் பாடப்படுவது. அறியாத அயலாருக்கு, அதிலும் நம்மை நம்ப மனமில்லாதவருக்கு விளக்க வேண்டுமாயின் உரைநடையே வேண்டும்.

8. இன்றைய தேவை

இது முடிந்துபோன வரலாறன்று. எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்கு இலங்கை 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை அளித்தது. ஆனால் 1983-க்குப் பின் போரினால் தமிழகத்துக்கு ஓடிவந்தவர்களுள் மலையகத் தமிழரும் பலர் உள்ளனர். அவர்களுடைய பாட்டன்மார் இதே மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். அவர்களோ இங்கு அகதிகள். 2019-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இத்தகையோர் சிலர் தொடுத்த வழக்கில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், அதனை மத்திய அரசு ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது. மீண்டும் ஒரு விண்ணப்பம். மீண்டும் அதே வினாக்கள்: பாட்டன் எந்த ஊர், எந்த ஆண்டு சென்றார், என்ன சான்று.

2021-இல் தமிழக அரசு அகதி முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயரிட்டது. அவற்றுள் குல்லூர்சந்தையும் மல்லாங்கிணறும் அருப்புக்கோட்டைக்கு அண்மையிலேயே உள்ளன. அங்குள்ள பிள்ளைகள் நம் பள்ளிகளில், நம் பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்ந்து கட்டுரை எழுதுகின்றனர். அப்பிள்ளைகளுக்கு ‘மழையின் பயன்’ மட்டும் கற்பித்து அனுப்பிவிடுவோமா? தம் குடும்பம் கடந்து வந்த வழியை ஆண்டும் இடமும் காரணமும் சான்றும் காட்டித் தாமே எழுதும் ஆற்றலை ஒரு பள்ளி ஒரு பிள்ளைக்குத் தந்தால், குடியுரிமை உடனே கிடைத்துவிடும் என்று நாம் உறுதி கூற இயலாது. தன் கதையைப் பிறர் எழுதிய துண்டுச் சீட்டில் தேடும் நிலையாவது அப்பிள்ளைக்கு வாராது.

இப்பகுதியின் திருச்சபைகள், பள்ளிகள், முகாம்களில் பணிபுரிவோர் ஆகியோர் ஒன்றுகூடி, முதியோர் உயிரோடிருக்கும்போதே இவ்வரலாற்றைக் கேட்டு எழுதும் பயிற்சியை மாணவர்க்கு அளிப்பார்களாக. கடல் கடந்த தலைமுறையினருள் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அவர்களிடம் கேட்பதற்குக் காலம் அதிகமில்லை.